வென்ற பின் வேட்பாளர் எங்கே நிற்கிறார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேர்தல் முறையை ஆராய்வோர் நெடுங்காலமாகக் கேட்டு வரும் ஒரு கேள்வியே இன்றைய உரையின் பொருள். தம் கட்சியின் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்படும்வரை ஒருவர் மேடைதோறும் சொன்னவற்றை, தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும் அவர் சொல்கிறாரா? சொல்லவில்லை என்றால், அவர் மாறியது கொள்கையிலா, பேச்சிலா? மாறினார் என்றால், எந்தத் திசையில் மாறினார்?

"எல்லாரும் மாறுகிறார்கள், எல்லாரும் நடுப்பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள்" என்பது செய்தித்தாள் படிப்போர் பலரும் உடனே சொல்லும் விடை. அந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நடுப்பக்கம் நகர்ந்தவர்களும் உண்டு, நகர மறுத்தவர்களும் உண்டு, வென்ற பிறகு ஓரத்தை நோக்கி நகர்ந்தவர்களும் உண்டு. இம்மூவகையினரையும் ஒருசேர நிறுத்திப் பார்த்தால்தான் விடை தெளியும்.

முதலில் முறையை விளக்க வேண்டும். இந்தியாவில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடுகிறது. தொண்டர் கொண்டாடுவார், அல்லது சீட்டுக் கிடைக்காத வருத்தத்தில் கட்சி மாறுவார். வாக்காளருக்கு அதில் பங்கில்லை. அமெரிக்காவில் அந்தத் தேர்வையே வாக்காளரிடம் விடும் வழக்கம் இருக்கிறது. ஒரு கட்சியின் சார்பில் நிற்க விரும்பும் பலரும் தமக்குள் போட்டியிட, பெரும்பாலும் அக்கட்சியைச் சார்ந்த வாக்காளர் அரசு நடத்தும் வாக்குச்சாவடிக்குச் சென்று வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இந்த முன்தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கட்சி முதலாளிகளின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வை விடுவிக்க வேண்டும் என்று விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் போராடியதன் பயனாக, 1904 இல் அம்மாநில மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தனர். அதிபர் தேர்தலில் இம்முறை முழு ஆற்றல் பெற்றது 1972 இல்தான். அதற்கு முந்தைய தேர்தலில், 1968 இல், ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியைச் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் வேட்பாளராக்கியதும், மாநாட்டு அரங்குக்கு வெளியே தெருவில் தடியடி நடந்ததும், விதிகளையே மாற்றி எழுத வைத்தன.

இதனால் ஒரே வேட்பாளர் ஒரே ஆண்டில் இரண்டு வேறுபட்ட அவைகளின் முன் நிற்க நேர்கிறது. 2016 இல் இரு கட்சிகளின் அதிபர் பிரைமரிகளிலும் சேர்த்து வாக்களித்தோர் ஏறத்தாழ 5.8 கோடிப் பேர். அவ்வாண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 13.7 கோடிப் பேர். முதல் அவையில் இருப்போர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள், கட்சிப் பற்று மிகுந்தவர்கள், கொள்கையில் உறுதியானவர்கள். இரண்டாம் அவையிலோ, எக்கட்சியையும் சாராதவர்களும், அரசியலில் அவ்வளவு நாட்டம் இல்லாதவர்களும் வந்து சேர்கிறார்கள். முதல் அவையில் கைதட்டல் பெற்ற சொல், இரண்டாம் அவையில் முகச்சுளிப்பைப் பெறலாம். அப்போது வேட்பாளர் என்ன செய்வார்?

இதற்குப் பொருளியலில் ஒரு விடை உண்டு. ஒரே நீளத் தெருவில் கடை வைக்கும் இரு வணிகர்கள், வாடிக்கையாளரை ஒருவரிடமிருந்து ஒருவர் கவர முயன்று, இறுதியில் தெருவின் நடுவில் அருகருகே வந்து நிற்பார்கள் என்று 1929 இல் ஹெரால்ட் ஹோட்டலிங் காட்டினார். 1957 இல் ஆண்டனி டவுன்ஸ் அதே கருத்தை விரித்து, இரு கட்சிகள் மட்டும் போட்டியிடும் நாட்டில் இரண்டும் நடுவாக்காளரை நோக்கி, அதாவது எல்லா வாக்காளரையும் இடமிருந்து வலமாக வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவரை நோக்கி, நெருங்கும் என்று வாதிட்டார். பிரைமரிக்கும் ஒரு நடுவாக்காளர் உண்டு, பொதுத்தேர்தலுக்கும் ஒரு நடுவாக்காளர் உண்டு. முதலாமவரிடமிருந்து இரண்டாமவரிடம் நடந்து செல்வதே வெற்றிக்கு வழி என்பது இக்கோட்பாட்டின் இயல்பான முடிவு. பிரைமரியில் வலப்பக்கம் ஓடு, பிறகு நடுப்பக்கம் ஓடிவா என்று ரிச்சர்ட் நிக்சன் தம் கட்சியினருக்கு அறிவுரை கூறியதாகச் சொல்லப்படுவதும் இதே கணக்குத்தான்.

கணக்கு நேர்த்தியானது. மனிதர்கள் கணக்கின்படி நடந்தார்களா?

2012 ஆம் ஆண்டின் மிட் ராம்னியை எடுத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது, அம்மாநில மக்கள் பெரும்பாலோர்க்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கச் செய்த 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்ட மிதவாதி அவர். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் அந்தப் பழைய முகம் அவருக்குச் சுமையாயிற்று. எனவே தம்மைக் கடுமையான பழைமைவாதி என்று அறிவித்துக்கொண்டார். உரிய ஆவணமின்றி நாட்டில் வாழும் குடியேறிகள், வேலை கிடைக்காமல் தாமாகவே வெளியேறும் நிலையை உருவாக்க வேண்டும் என்று சனவரி மாத விவாதத்தில் கூறினார். வருமான வரி விகிதங்கள் அனைத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்போவதாகப் பிப்ரவரியில் அறிவித்தார். மார்ச் 20 அன்று இல்லினாய் பிரைமரியில் வென்றார். மறுநாள் காலை, சிஎன்என் தொலைக்காட்சியில் அவருடைய ஆலோசகர் எரிக் ஃபெர்ன்ஸ்ட்ராமிடம், இவ்வளவு வலப்பக்கம் போய்விட்டீர்களே, நவம்பரில் இது தடையாகாதா என்று கேட்டார்கள். பொதுத்தேர்தல் தொடங்கும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்றும், எட்ச் எ ஸ்கெட்ச் பலகையைக் குலுக்கினால் பழைய கோடு மறைந்து புதுக்கோடு வரையலாம் அல்லவா, அதுபோலத்தான் என்றும் அவர் விடையளித்தார். அது குழந்தைகள் கோடு வரைந்து விளையாடும் ஒரு பொம்மைப் பலகை. எதிரணியினர் மட்டுமல்லர், ராம்னியின் சொந்தக் கட்சிப் போட்டியாளர்களான சாண்டோரமும் கிங்ரிச்சும் அப்பொம்மையைக் கையில் ஏந்தி மேடையேறினர். பொம்மையைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு விலை மறுநாள் ஏறியது என்பது வணிகர்களுக்கு மட்டும் மகிழ்ச்சி தந்த செய்தி.

ஆலோசகர் சொன்னபடியே நடந்ததா? அக்டோபர் 3 அன்று டென்வர் நகரில் நடந்த முதல் விவாதத்தில் ஒரு புதிய ராம்னியைக் கண்டதாக நாடே பேசியது. பற்றாக்குறையைக் கூட்டும் எந்த வரிக்குறைப்பையும் செய்யப்போவதில்லை என்றார். செல்வர் செலுத்தும் வரியின் பங்கு குறையாது என்றார். அரசின் ஒழுங்குமுறை விதிகள் இன்றியமையாதவை என்றார். கருத்துக்கணிப்புகளில் அவர் ஏறினார். ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வரிக்குறைப்பை அவர் கைவிட்டாரா? இல்லை. அறிவிப்பு அப்படியே இருந்தது. பிப்ரவரியில் குறைப்பைச் சொன்னவர், அக்டோபரில் குறைப்பைச் சுற்றியிருந்த நிபந்தனைகளைச் சொன்னார். தாள் மாறவில்லை, தாளில் எந்த வரியை உரக்கப் படிப்பது என்பதே மாறியது. ராம்னி 47.2 விழுக்காடு வாக்குகளுடன் தோற்றார். தாமாகவே வெளியேறும் திட்டத்தை அந்தத் தோல்விக்குப் பின் கிறுக்குத்தனம் என்று கண்டித்தவர்களுள் ஒருவர் டொனால்ட் ட்ரம்ப் என்பது, வரலாறு அவ்வப்போது செய்யும் குறும்பு.

உரக்கப் படிப்பதை நிறுத்துவது ஒரு வழி. அழிப்பது இன்னொரு வழி. 2022 சூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமைக்கு அரசியலமைப்பின் காப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 2 அன்று அரிசோனாவில் செனட் பதவிக்கான குடியரசுக் கட்சிப் பிரைமரியில் பிளேக் மாஸ்டர்ஸ் வென்றார். அந்த மாதம் முடிவதற்குள், கருக்கலைப்பை முற்றாக எதிர்ப்பதாகக் கூறிய சொற்கள் அவருடைய இணையப் பக்கத்திலிருந்து காணாமற்போயின; பேறுகாலத்தின் இறுதிக் கட்டத்துக் கருக்கலைப்பை மட்டும் எதிர்ப்பவராகக் காட்டும் விளம்பரம் வந்தது. மேடையில் அறிவிக்கவில்லை, காரணம் கூறவில்லை. சொல் போனது, அவ்வளவுதான். ஆனால் பழைய பக்கத்தின் படி செய்தியாளர் கையில் இருந்தது. நவம்பரில் மாஸ்டர்ஸ் தோற்றார்.

இதைவிட விரைவாக மாறியவர் உண்டா? உண்டு. நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தின் ஓய்வுபெற்ற படைத்தளபதி டான் போல்டக். 2020 அதிபர் தேர்தலின் நேர்மையை ஐயுற்ற கடிதத்தில் கையெழுத்திட்டவர். அத்தேர்தலில் உண்மையில் வென்றவர் ட்ரம்ப்தான் என்றும், அந்தக் கருத்திலிருந்து பின்வாங்கப்போவதில்லை என்றும் 2022 ஆகஸ்டில் பிரைமரி விவாத மேடையில் முழங்கியவர். செப்டம்பர் 13 அன்று குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் வென்றார். செப்டம்பர் 15 அன்று ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் தோன்றி, தீர ஆராய்ந்ததில் தேர்தல் திருடப்படவில்லை என்ற முடிவுக்கு வந்ததாகக் கூறினார். ஓராண்டுக்கு மேலாக நடக்காத ஆராய்ச்சி இரண்டே நாளில் நிறைவுற்றது! புதிய நிலையில்தான் உறுதியாக நின்றாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த மாதமே மீண்டும் தயங்கிப் பேசினார். நடுவாக்காளர் அவரை நம்பவில்லை, பழைய ஆதரவாளர் ஐயுற்றனர், ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளியில் ஜனநாயகக் கட்சியின் மேகி ஹாசனிடம் தோற்றார்.

இவை தோற்றவர்களின் கதைகள். வென்றவர்கள் இவ்வாறு செய்ததில்லையா என்று ஒருவர் கேட்கலாம். 2008 இல் பராக் ஒபாமா செய்தார். நீதிமன்ற ஆணையின்றி அரசு ஒட்டுக்கேட்டதற்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்கிலிருந்து காக்கும் எந்தச் சட்டத்தையும், செனட் விவாதத்தை முடிக்கவிடாமல் நீட்டித்தேனும் தடுக்கும் முயற்சியை ஆதரிப்பார் என்று 2007 இல் அவருடைய தரப்பு வாக்குறுதி அளித்திருந்தது. 2008 சூன் மாதத் தொடக்கத்தில் பிரைமரி முடிந்தது. சூலை 9 அன்று, அந்தக் காப்பை உள்ளடக்கிய சட்டத்துக்கு ஒபாமா ஆதரவாக வாக்களித்தார். அவரிடம் தோற்ற ஹிலரி கிளின்டன் எதிர்த்து வாக்களித்தார். ஒபாமாவின் ஆதரவாளர் சினந்து எழுதினர். ஆயினும் அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்ததா? ஈராக் போரை எதிர்ப்பதில் அவர் அசையாதிருந்ததால், மற்றவற்றைப் பொறுத்துக்கொண்டனர். தம்மை அடையாளப்படுத்தும் கொள்கையில் நின்று, மற்றொன்றில் நெகிழ்வதே வென்றவர்களின் திறமை.

இதுவரை கேட்டவர்கள், டவுன்ஸ் சொன்னதே சரி, எல்லாரும் நடுப்பக்கந்தானே வந்தார்கள் என்று எண்ணக்கூடும். இனித்தான் உரையின் மையம் வருகிறது. 2016 இல் ஹிலரி கிளின்டன், தம்மைவிட இடதுசாரியான பெர்னி சாண்டர்ஸைப் பிரைமரியில் வென்றார். வென்ற பிறகு அவர் நடுப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும் அல்லவா? சூலை 6 அன்று, ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரையுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தத்தம் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை என்ற திட்டத்தை அறிவித்தார். அது சாண்டர்ஸின் கொள்கையை நோக்கிய நகர்வு. ஆறு நாளில் சாண்டர்ஸ் அவருக்கு ஆதரவு தெரிவித்தார்.

2020 இலும் அதுவே நடந்தது. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் போட்டியிலிருந்து விலகினார். வெற்றி உறுதியாகிவிட்ட ஜோ பைடன், மறுநாளே, மெடிகேர் என்னும் முதியோர் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குரிய வயதை 65 இலிருந்து 60 ஆகக் குறைக்கவும், குறைந்த, நடுத்தர வருமானம் உடையோரின் கல்விக் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் வாக்குறுதி அளித்தார். இரு தரப்பினரும் சேர்ந்த ஆறு குழுக்கள் அமைக்கப்பட்டன. பத்தாண்டுகளில் 1.7 இலட்சம் கோடி டாலர் என்றிருந்த அவருடைய பருவநிலைத் திட்டம், சூலையில் நான்கு ஆண்டுகளில் 2 இலட்சம் கோடி டாலர் என்று விரிந்தது. அதே வேளையில், அனைவர்க்கும் அரசே காப்பீடு என்ற சாண்டர்ஸின் முதன்மைக் கோரிக்கையை அவர் ஏற்கவேயில்லை. தோற்றவரிடமிருந்து எதை வாங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எடைபோட்டு வாங்கினார்.

இதன் பொருள் என்ன? வென்ற வேட்பாளர் நடுப்பக்கம் ஓடுவதில்லை. எந்த வாக்கு கையில் இல்லையோ அந்த வாக்கின் பக்கம் ஓடுகிறார். டவுன்ஸின் எளிய கணக்கில் வாக்காளர் எல்லாரும் வாக்களிப்பதாக ஒரு கருதுகோள் இருந்தது. உண்மையில் மனம் கசந்த கட்சிக்காரர் வீட்டிலேயே இருந்துவிடலாம். பிரைமரியில் மிதவாதி வென்றால் அவருக்குக் குறைவது சொந்தக் கட்சியின் தீவிரர் வாக்கு; தீவிரர் வென்றால் குறைவது நடுநிலையாளர் வாக்கு. ராம்னிக்கு அக்டோபரில் குறைந்தது ஒன்று, பைடனுக்கு ஏப்ரலில் குறைந்தது வேறொன்று. இருவரும் ஒரே விதியைத்தான் பின்பற்றினர்.

இவ்விரு பக்கத்து இழுப்பும் ஒரே மாதத்தில் ஒருவரிடம் தோன்றியதற்கு 2016 ஆகஸ்டின் ட்ரம்ப் சான்று. முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதற்கே தடை என்று 2015 திசம்பரில் சொன்னவர், வேட்பாளரான பின், ஆகஸ்ட் மாத ஓகையோ உரையில், கடுமையான சோதனை என்ற சொல்லுக்கு மாறினார். ஆவணமற்ற குடியேறிகள் குறித்தும் நெகிழ்வு இருக்கலாம் என்று ஒரு தொலைக்காட்சி அரங்கில் பேசினார். உடனே அவருடைய பழைய ஆதரவாளரிடையே முணுமுணுப்பு எழுந்தது. ஆகஸ்ட் 31 அன்று பகலில் மெக்சிகோ அதிபரைச் சந்தித்து இன்சொல் பேசினார். அன்றிரவே ஃபீனிக்ஸ் நகரில் முன்னிலும் கடுமையாக முழங்கினார். நகர்ந்து பார்த்தார், தரை சுட்டது, திரும்பிவிட்டார்.

நகரவே மறுத்தவரின் கதை 1964 இல் நடந்தது. குடியரசுக் கட்சியின் கலிஃபோர்னியா பிரைமரியில் மிதவாதியான ராக்கஃபெல்லரை வீழ்த்திய பேரி கோல்ட்வாட்டர், சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஏற்புரை நிகழ்த்தியபோது, கட்சியை ஒன்றுபடுத்துவார் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்றி, விடுதலையைக் காக்கும் தீவிரம் குற்றமாகாது என்று அறிவித்தார். 6 மாநிலங்களில் மட்டும் வென்றார். மாறுதலைத் தொடங்கியும் பயன் காணாதவர் 1972 இன் ஜார்ஜ் மெக்கவர்ன். ஒவ்வொருவருக்கும் அரசு 1,000 டாலர் தரும் என்ற திட்டத்தைப் பிரைமரியில் கொண்டுவந்து, கலிஃபோர்னியாவில் ஹம்ஃப்ரியிடம் அதற்காக அடிபட்டு, வேட்பாளரான பிறகு ஆகஸ்டு இறுதியில் அதைக் கைவிட்டார். 49 மாநிலங்களில் தோற்றார். மாறினாலும் தோல்வி, மாறாவிட்டாலும் தோல்வி என்றால், தோல்விக்குக் காரணம் பிரைமரியில் சொன்ன சொல்லிலேயே இருந்திருக்கலாம் அல்லவா?

ஆய்வுகளும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களைப் பல ஆண்டுகளுக்கு அளந்த ஆண்ட்ரூ ஹால், மிக நெருங்கிய பிரைமரிகளில் மிதவாதியைவிடத் தீவிரமானவர் வென்ற தொகுதிகளில், அக்கட்சியின் பொதுத்தேர்தல் வாக்கு சராசரியாக 9 முதல் 13 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது என்று 2015 இல் வெளியிட்டார். வென்ற பிறகு மாறிவிடுவது எளிதாகவும் பயன் தருவதாகவும் இருந்தால் இந்தத் தண்டனை ஏன் கிடைக்க வேண்டும்? வாக்காளர் மறப்பதில்லை, அல்லது எதிராளி மறக்கவிடுவதில்லை.

மாறுவதைத் தடுக்கும் இன்னொரு கயிறும் உண்டு. அது அடுத்த பிரைமரி. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அதே அவையின் முன் நிற்க வேண்டும். இச்சபையின் தொகுதிகளுள் மிகப் பலவற்றில் ஒரு கட்சியே எப்போதும் வெல்வதால், பிரைமரிதான் உண்மையான தேர்தல். அங்கே நடுவாக்காளரைத் தேடி நகர்வதற்குத் தேவையே எழுவதில்லை. 2014 சூன் 10 அன்று, குடியேற்றப் பிரச்சினையில் வளைந்து கொடுப்பவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கான்டர், அதிகம் அறியப்படாத கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் வர்ஜீனியாவில் தோற்றார். அன்றிரவு வாஷிங்டனில் எத்தனை உறுப்பினர் தம் நெகிழ்வுகளை மறுபரிசீலனை செய்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதிபரும் தப்புவதில்லை. புதிய வரி இல்லை என்று 1988 மாநாட்டில் உறுதியளித்து, 1990 இல் வரியை உயர்த்திய மூத்த புஷ், 1992 நியூ ஹாம்ப்ஷர் பிரைமரியில் தம் கட்சியின் பேட் புக்கேனனுக்கு 37 விழுக்காடு வாக்குப் போவதைக் கண்டார். அடுத்த மாதமே வரி உயர்த்தியது தவறு என்று கூறினார்.

மாறுவது ஒழுக்கக்கேடா என்ற கேள்வியையும் தொட்டாக வேண்டும். மாறுவதில் தவறில்லை என்பதே சரியான நிலையாகத் தோன்றுகிறது. பெரிய அவையின் கருத்துக்குச் செவிசாய்ப்பது மக்களாட்சியின் கடமைகளுள் ஒன்று. தவறு, காரணம் சொல்லாமல் மாறுவது. துளசேந்திரபுரத்து வேரால் தமிழகத்திலும் பேசப்பட்ட கமலா ஹாரிஸ், 2019 இல் பிரைமரிப் போட்டியில் இருந்தபோது, பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைத் தடைசெய்ய ஆதரவு என்றார். 2024 இல் பிரைமரியில் போட்டியிடாமலே வேட்பாளரான அவரிடம், அந்தத் தடை இனி இல்லை என்றால் மாறியது ஏன் என்று கேட்கப்பட்டது. தம் மதிப்பீடுகள் மாறவில்லை என்று மட்டும் மீண்டும் மீண்டும் கூறினார். பென்சில்வேனியாவில் அந்த எரிவாயுத் தொழிலில் உழைப்போருக்கு அது விடையாகவில்லை. பருவநிலைக்காகப் போராடுவோருக்கும் விடையாகவில்லை. தடையின்றியே தூய எரிசக்தி வளர்ந்ததைக் கண்டு மனம் மாறியதாக அவர் ஓரளவு சொல்லத் தொடங்கியது நல்ல விடைதான். அதை முதலிலேயே, முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அரங்கிலுள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடப்பதால், ஆராயப் பொருளுக்குப் பஞ்சமில்லை. இரு கட்சிக்கும் வாய்ப்புள்ள ஒரு தொகுதியைத் தேர்ந்துகொண்டு, பிரைமரிக்கு முந்தைய மாதத்து உரைகளையும் பிந்தைய மாதத்து உரைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். புதிதாகச் சேர்ந்த சொற்களைச் செய்தியாளர் எழுதிவிடுவார்கள், சொல்லாமல் விட்டவற்றைப் பட்டியலிடுங்கள்.